நம்ம பேர்ல இருக்குற அந்த சாய்ஞ்ச கோடு ( / ) எதுக்கு? கொஞ்சம் நீளமா சொல்றேன்

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: மகளுக்கு ஆன்லைன்ல ஒரு பாரம் பூர்த்தி பண்றப்ப ஐசில, அதாவது மலேசிய அடையாள அட்டைல, இருக்குற மாதிரியே பேரை அடிச்சா "இந்த எழுத்து செல்லாது"ன்னு செவப்புல வருது, மகள்னு காட்டுற ஏ/பி நடுவுல இருக்குற கோட்டை என்ன பண்றது, அந்த கோட்டுக்கு அர்த்தம்தான் என்ன, வேற எங்கெல்லாம் அதை போடுறாங்கன்னு. நான் கோலாலம்பூர் செந்தூல்ல 22 வருஷமா பத்திரிகை, ரசீது புக்கு, பாரம் எல்லாம் டைப் பண்ணி அடிச்சு குடுக்குற கடை வச்சிருக்கேன், ஒரு நாளைக்கு இந்த கோட்டை எத்தனை தடவை அடிக்கிறேன்னு எண்ண முடியாது, அதனால இதுக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

அவசரத்துக்கு மொதல்ல இது. கோட்டை விட்டுடுங்க, ஏபிங்குற ரெண்டு எழுத்தை மட்டும் சேத்து, முன்னாடி ஒரு இடம் பின்னாடி ஒரு இடம் விட்டு அடிங்க. பாரத்துலயே பேரை எப்படி எழுதணும்னு குறிப்பு குடுத்திருந்தா அந்த குறிப்புதான் கணக்கு, நான் சொல்றது இல்ல. கோட்டுக்கு பதிலா அந்த பக்கம் சாய்ஞ்ச பேக்ஸ்லேஷை போடாதீங்க, ஹைஃபனும் போடாதீங்க, பேரோட ஒட்டி ஒரே சொல்லா அடிச்சிடாதீங்க. மகள் பேர் எதுவும் மாறிடாது, பயப்பட வேணாம்.

ஏன் மாறாதுன்னா, அந்த கோடு பேரோட எழுத்து இல்ல. அதுக்குன்னு சத்தம் கிடையாது. ஒரு சொல்லை முழுசா எழுதாம விட்டிருக்கோம், அந்த எடத்துல நிக்கிற ஆள்தான் இந்த கோடு. என்ன சொல்லை விட்டிருக்கோம்னு எழுதுறவங்களுக்கும் படிக்கிறவங்களுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எல்லாம் நல்லா போகும், ஒரு பக்கத்துக்கு தெரியலேன்னா தகராறுதான். கீபோர்டுல ஒரே ஒரு சாவி, ஆனா அது ஒரு எடத்துல 'மகன்', ஒரு எடத்துல 'அல்லது', ஒரு எடத்துல 'வகுத்தல்', ஒரு எடத்துல 'ஒரு மணி நேரத்துக்கு', இன்னொரு எடத்துல 'இந்த பெட்டிக்குள்ள'. இதைத்தான் ஒவ்வொண்ணா காட்டப் போறேன்.

பேர்லேருந்தே ஆரம்பிக்கலாம். ஏ/எல்னா அனாக் லெலாக்கி, மகன். ஏ/பின்னா அனாக் பெரெம்புவான், மகள். ரெண்டு சொல்லுலயும் மொத எழுத்தை எடுத்து நடுவுல கோடு போட்டு சுருக்குறது, அவ்வளவுதான். நம்ம தாத்தா பாட்டி காலத்து பழைய பேப்பரை எடுத்து பாத்தீங்கன்னா அதுலயே ஆங்கிலத்துல எஸ்/ஓ, டி/ஓன்னு இருக்கும், சன் ஆஃப், டாட்டர் ஆஃப். சிங்கப்பூர்ல இன்னமும் அப்படித்தான். இங்க மலாய்க்கு மாறினப்ப எழுத்து மாறுச்சு, கோடு அப்படியே நின்னுடுச்சு. நாம மட்டும்தான் இதை போடுறோம்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, கெடா, பெர்லிஸ், கிளந்தான் பக்கம் இருக்குற சயாமியர்கள் பேர்லயும் இதே ஏ/எல், ஏ/பி உண்டு. தமிழ்ல எழுதுறப்ப த/பெ, தந்தை பெயர். தமிழ்நாட்டு பாரத்துல க/பெ வேற இருக்கும், கணவர் பெயர்.

இதே குடும்பத்துல இன்னும் நெறைய இருக்கு. பாரத்துல கே/பின்னு ஒரு கட்டம் இருக்கும், காட் பெங்கெனாலான், அதாவது நம்ம ஐசி. கவர் மேல டி/ஏன்னு போட்டிருந்தா டெங்கான் அலாமாட், இன்னாரோட முகவரியில இருக்குறவருக்குன்னு அர்த்தம், ஆங்கிலத்துல சி/ஓ, கேர் ஆஃப். செக்குல ரெண்டு சாய்வுக்கோடு போட்டு ஏ/சி பேயின்னு எழுதுவோம் இல்லையா, அதுல வேடிக்கை பாருங்க, எழுத்துக்கு நடுவுல இருக்குற குட்டி கோடு அக்கவுண்ட்ங்குற சொல்லோட சுருக்கம், வெளியில இழுத்த ரெண்டு பெரிய கோடு சட்டம். அந்த ரெண்டு கோடு விழுந்துச்சுன்னா செக்கை கவுண்டர்ல குடுத்து ரொக்கமா வாங்க முடியாது, பேங்க் கணக்கு வழியாத்தான் போகணும். 1949ஆம் வருஷத்து மாற்றுமுறியாவணச் சட்டத்துல இருக்குற விஷயம் அது. ஒரே கையால ஒரே பேனாவால போடுற கோடுதான், ஒண்ணு சோம்பலுக்கு, ஒண்ணு பாதுகாப்புக்கு.

அப்புறம் மலேசியாவுல வளந்தவங்களுக்கு மட்டும் கண்ணுக்கு பழகிப்போன ஒண்ணு இருக்கு. பாரத்துல "தண்டாக்கான் ( / )"னு, அதாவது குறி போடுங்கன்னு, போட்டிருக்கும். அங்க கோடுதான் டிக். டைப்ரைட்டர்ல டிக் குறி கிடையாது, அதுக்கு கிட்டத்துல இருக்குற வடிவம் இது, அதனால ஆபீஸ் குமாஸ்தா கிராணிங்க இதை போட்டாங்க, கம்ப்யூட்டர் வந்தும் மாறல. வாத்தியார் கையால திருத்துறப்பவும் பாதி பேர் நேரா ஒரு சாய்வுக்கோடுதான் இழுப்பாங்க, சரின்னு அர்த்தம். வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் இதை பாத்தா இது அடிச்சு விட்டதுன்னு நெனச்சுக்குவாங்க. இதுக்கு நேர் எதிரா, அதே பாரத்துல ரெண்டு வரி தள்ளி லெலாக்கி/பெரெம்புவான்னு இருக்கும், பக்கத்துல நட்சத்திரம் போட்டு கீழ "சம்பந்தமில்லாததை வெட்டவும்"னு மலாய்ல இருக்கும். அங்க நடுவுல இருக்குற கோடு 'அல்லது'. நீங்க இழுக்குற கோடு 'இல்ல'. அதாவது ஒரே பக்கத்துல ஒரு சாய்வுக்கோடு ஆமான்னும், இன்னொண்ணு இல்லன்னும், மூணாவது அல்லதுன்னும் பேசுது. வயசானவங்க பாரம் எழுத எங்க கடைக்கு வந்து தடுமாறுறாங்கன்னா அவங்களுக்கு படிக்க தெரியாததனால இல்ல, இதனாலதான். பாரம் வடிவமைக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும், ரெண்டு தனி கட்டம் போட்டா ஒரு வரி கூட ஆகும், ஆனா யாரும் தப்பா வெட்ட மாட்டாங்க.

இப்ப முகவரி. கல்யாண பத்திரிகை அடிக்கிறவங்களுக்கு இதுதான் தினமும் தலைவலி. பெட்டாலிங் ஜெயாவுல ஜாலான் 14/20ன்னா 14ஆவது செக்ஷன், அதுக்குள்ள 20ஆவது ரோடு. எஸ்எஸ் 2/24ம் அப்படித்தான், எஸ்எஸ்னா சுங்கை வே சுபாங், மொதல்ல பெரிய வட்டாரம், கோட்டுக்கு அப்புறம் ரோடு. அப்படியே காரை திருப்பிக்கிட்டு கோலாலம்பூருக்குள்ள வங்சா மாஜுவுக்கு வாங்க, ஜாலான் 3/27ஏ. இங்க தலைகீழ். 27ஏ தான் வட்டாரம், 3 தான் ரோடு. செராஸ் பக்கம் ஷாமெலின்ல 8/91, அதுவும் இதே மாதிரி, 91க்குள்ள 8ஆவது ரோடு. அரை மணி நேர தூரத்துல இருக்குற ரெண்டு ஊர்ல ஒரே கோடு எதிர் எதிர் பக்கம் பாத்து நிக்குது, எந்த போர்டும் அதை சொல்லாது, இங்கயே பொறந்தவங்களுக்குக்கூட கேட்டா சட்டுன்னு சொல்ல தெரியாது ஆனா கால் தானா போயிடும். வாயால சொல்றப்ப யாரும் கோட்டை சொல்றதே இல்ல, "ஜாலான் பதினாலு இருவது"ன்னுதான் சொல்வாங்க, பழைய ஆளுங்க மட்டும் "பதினாலு ஸ்ட்ரோக் இருவது"ம்பாங்க. போன்ல முகவரி எழுதிக்கிறப்ப நான் எப்பவும் திரும்ப கேப்பேன், ஏன்னா பதினாலு இருவதுன்னு காதுல விழுந்ததை 1420ன்னு எழுதிட்டா அந்த பார்சல் திரும்பி வந்துடும். ஊர்ல தாத்தா பேர்ல நெலம் இருக்குன்னு சில பேர் தமிழ்நாட்டு பட்டா நகல் கொண்டு வருவாங்க, அதுல சர்வே நம்பர் 112/3ன்னு இருக்கும், 112ங்குறது மூல நம்பர், அதை பங்கு பிரிச்சப்ப வந்த 3ஆவது துண்டு உங்களோடது. அந்த கோடு ஒரு குடும்பத்துல நடந்த பாகப்பிரிவினை.

காசு கணக்குல இந்த கோட்டுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. ஆங்கிலத்துல இதோட இன்னொரு பேர் சாலிடஸ். அது ரோமானியர்களோட தங்க காசு பேரு, கான்ஸ்டன்டைன் மன்னர் காலத்துல வந்தது. இங்கிலாந்துல பழைய கணக்குல ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஷில்லிங்குக்கு சாலிடஸோட மொத எழுத்தை போட்டாங்க, பழைய காலத்து நீட்டு எஸ் எழுத்து எழுதி எழுதி தேய்ஞ்சு கடைசில ஒரு சாய்வுக்கோடா நின்னுடுச்சுன்னு சொல்வாங்க. 2/6ன்னா ரெண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். சில்லறை எதுவும் இல்லேன்னா 5/-ன்னு ஒரு சின்ன படுக்கை கோடு. நம்ம நாட்டுக்கும் இதுல ஒட்டு இருக்கு, 1906ல அப்ப இங்க ஓடின ஸ்ட்ரெயிட்ஸ் டாலரோட மதிப்பை ரெண்டு ஷில்லிங் நாலு பென்ஸ்னு நிறுத்தி வச்சாங்க, அதாவது அந்த காலத்து ஒரு வெள்ளி 2/4. இங்கிலாந்து ஷில்லிங்கை 1971 பிப்ரவரி 15ஆம் தேதியோட விட்டுடுச்சு. ஆனா அந்த கோடு சாகல. எங்க கடைக்கு நன்கொடை ரசீது அடிக்க வர்ற கோயில் கமிட்டிக்காரங்கள்ல பெரியவங்க இன்னும் "வெள்ளி 101/-"ன்னுதான் எழுதி குடுப்பாங்க, தமிழ்நாட்டுல "ரூ.500/-" இல்லாத பில்லே கிடையாது. ஷில்லிங்கும் இல்ல பென்ஸும் இல்ல, ஆனா எண்ணுக்கு பின்னாடி யாரும் ஒரு சைபரை சேத்துட முடியாது பாருங்க, அந்த ஒரு உபயோகத்துக்காகவே அதை நான் எடுக்குறது இல்ல, சில டிசைன் பசங்க அழகுக்காக எடுக்க சொல்வாங்க, கையால எழுதுற ரசீதுல எடுக்கவே கூடாது.

பின்னத்துக்கு இந்த கோட்டை போடலாம்னு 1840கள்ல எழுதினவர் அகஸ்டஸ் டி மார்கன்னு ஒரு கணித மேதை, அவர் பொறந்தது நம்ம மதுரையில, 1806ல. மேல ஒண்ணு கீழ ஒண்ணு வச்சு நடுவுல படுக்கை கோடு போட்டா அச்சு கோக்குறவனுக்கு ஒரு வரிக்கு ரெண்டு வரி எடம் போகும், சாய்ச்சு போட்டா ஒரே வரில அடங்கிடும். நான் அச்சு வேலைல இருக்குறதனால இதோட அருமை எனக்கு நல்லா தெரியும். ஆனா தமிழுக்கு இந்த கோடு தேவையே இல்லாம இருந்துச்சு, அதைத்தான் பெருமையா சொல்லணும். கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320, ஒவ்வொண்ணுக்கும் தனி சொல்லு, தனி குறி. 'நாலுல மூணு'ன்னு நாம சொல்றதில்ல, முக்கால்னு ஒரே சொல்லு. அந்த குறிங்க எல்லாம் 2019ல யூனிகோட்ங்குற உலக கம்ப்யூட்டர் எழுத்து பட்டியலோட 12ஆம் பதிப்புல சேந்துடுச்சு, தமிழ்க்கு துணைன்னு 51 குறிங்க. எழுத்துரு சரியா இருந்தா இன்னிக்கு போன்ல கூட காட்டலாம்.

அளவைல வர்றப்ப இந்த கோடு 'ஒவ்வொரு'ன்னு படிக்கணும். ஹைவேல 110 கேஎம்/ஜேன்னு போர்டு இருக்கும், அந்த ஜே ஜாம், மணி. கார் டயர்ல 185/60 ஆர்15ன்னு இருக்கும், நெறைய பேர் ரெண்டும் மில்லிமீட்டர்னு நெனச்சுக்குறாங்க, 185 மட்டும்தான் மில்லிமீட்டர், அது அகலம், கோட்டுக்கு அப்புறம் இருக்குற 60 நூத்துக்கு 60, அதாவது டயரோட பக்கவாட்டு உயரம் அகலத்துல 60 விழுக்காடு, 111 மில்லிமீட்டர். கண் டாக்டர் 6/12ன்னு எழுதினா, நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டர்ல நின்னு படிக்கிறதை நீங்க 6 மீட்டர்ல வந்துதான் படிக்கிறீங்க. ஆனா ரத்த அழுத்தம் 120/80ல எதையும் வகுக்கக்கூடாது, அங்க கோடு சும்மா மேல கீழன்னு ரெண்டு எண்ணை பிரிச்சு வைக்குது, இதயம் சுருங்குறப்ப ஒண்ணு, விரியிறப்ப ஒண்ணு. எங்க அம்மா ரொம்ப நாள் ஒன்றரைன்னு கணக்கு போட்டு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நான்தான் உக்காந்து விளக்கினேன்.

தேதிக்கு வர்றேன், இதுலதான் பெரிய ஆபத்து. ஒரு தடவை மாப்பிள்ளை வீடு அமெரிக்காவுல, அவங்க அனுப்பின பேப்பர்ல முகூர்த்தம் 5/7ன்னு, பக்கத்துல கெழமையும் இருந்துச்சு. நமக்கு அது ஜூலை 5. அவங்களுக்கு மே 7. பொண்ணு வீட்டுக்காரங்க கையில வேற எதுவும் இல்ல, அதை பாத்து அப்படியே டைப் பண்ண உக்காந்தேன், கெழமை பொருந்தல, போன் போட்டு கேட்டா மே மாசம்ங்குறாங்க. அன்னிலேருந்து எங்க கடைல எந்த பத்திரிகையிலயும் மாசத்தை எண்ணால போடுறது கிடையாது, எழுத்தாலதான், கெழமையும் கட்டாயம். உலக தரநிலை ஒண்ணு 1988லயே வந்துச்சு, வருஷம் மாசம் நாள்னு பெருசுலேருந்து சிறுசுக்கு, நடுவுல ஹைஃபன் போட்டு எழுத சொல்லி. அதுல சாய்வுக்கோடு வந்தா 'இந்த தேதிலேருந்து அந்த தேதி வரைக்கும்'னு அர்த்தம், அதாவது அங்க அது இன்னொரு வேலை பாக்குது. பள்ளிக்கூட தவணை மார்ச்சுல ஆரம்பிச்ச வருஷங்கள்ல 2022/2023, 2023/2024ன்னு போட்டாங்களே, அதுவும் தேதி இல்ல பின்னமும் இல்ல, ரெண்டு வருஷத்து மேல கால் வச்சு நிக்கிற ஒரு தவணை.

சரி, கம்ப்யூட்டர் ஏன் நம்ம பேரை ஏத்துக்க மாட்டேங்குது? கம்ப்யூட்டருக்கு இந்த கோடு எழுத்து இல்ல, வழி. இந்த பெட்டிக்குள்ள அந்த பெட்டி, அதுக்குள்ள இந்த கோப்புன்னு காட்டுறதுக்கு யூனிக்ஸ்ங்குற பழைய கம்ப்யூட்டர் சிஸ்டம் காலத்துலேருந்து இதை வச்சிருக்காங்க, வெப்சைட் முகவரி எல்லாம் அந்த வழிதான். ஆரம்பத்துல இருக்குற ரெட்டை கோடு // தேவையே இல்லாம இருந்துச்சுன்னு வலையை கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ் லீயே 2009ல ஒத்துக்கிட்டாரு. விண்டோஸ்ல ஏன் அந்த பக்கம் சாய்ஞ்சிருக்குன்னா, விண்டோஸுக்கு முன்னாடி 1981ல வந்த டாஸ்ங்குற சிஸ்டத்தோட மொத பதிப்புல இந்த கோட்டை கட்டளைக்கு பின்னாடி போடுற விருப்பக்குறியா ஏற்கனவே எடுத்துட்டாங்க, 1983ல பெட்டிக்குள்ள பெட்டி வசதி வந்தப்ப வேற வழி இல்லாம பேக்ஸ்லேஷை போட்டாங்க. அந்த பேக்ஸ்லேஷ் பழைய காலத்து அச்சுல இருந்ததே இல்ல, 1961ல பாப் பெமர்னு ஒரு கம்ப்யூட்டர்காரர் எழுத்து பட்டியலுக்குள்ள சேத்தது, ரெண்டையும் சேத்து /\ \/ன்னு போட்டு 'மற்றும்', 'அல்லது' குறி பண்ணலாம்னு. அதனாலதான் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரிஞ்சாலும் ஒண்ணுக்கு பதிலா ஒண்ணை போட்டா பல எடத்துல கம்ப்யூட்டர் ஒத்துக்காது. கம்ப்யூட்டர் கணக்குல நம்ம கோட்டுக்கு எண் 47, பேக்ஸ்லேஷுக்கு 92, வேற வேற ஆளுங்க. அலுவலக கடிதத்துக்கு மேல இருக்குற கோப்பு எண்ணை அப்படியே ஃபைல் பேரா சேவ் பண்ண முடியாததுக்கும் இதுதான் காரணம், அங்க மட்டும் கோட்டுக்கு பதிலா ஹைஃபன் போட்டுக்குங்க.

விமான டிக்கெட்டுல இன்னும் ஒரு படி மேல. டிக்கெட் சிஸ்டம்ல குடும்ப பேர், அப்புறம் சாய்வுக்கோடு, அப்புறம் சொந்த பேர், இதுதான் வரிசை. அங்க இந்த கோடுதான் பேரை ரெண்டா பிரிக்கிற கத்தி. நம்ம பேர்ல ஏற்கனவே ஒரு கோடு இருந்தா சிஸ்டம் எந்த எடத்துல வெட்டும்? அதனாலதான் உள்ளயே விட மாட்டாங்க. பாஸ்போர்ட்டுல படம் இருக்குற பக்கத்துக்கு கீழ மிஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்கும் பாத்தீங்களா, வரிக்கு 44 எடம், அதுல ஆங்கில எழுத்து, எண், அம்பு மொனை மாதிரி ஒரு குறி, இது மூணைத் தவிர வேற எதுவும் வரக்கூடாதுன்னு உலக சட்டம், அங்கயும் சாய்வுக்கோட்டுக்கு எடம் இல்ல. என் பெரிய பையன் மெட்ராஸுக்கு போறப்ப டிக்கெட் போட்டான், கோடு போட்டா ஏத்துக்கலன்னு அவன் பேரு, ஏஎல், அவங்க அப்பா பேரு எல்லாத்தையும் ஒட்டி இருவது எழுத்து நீளத்துக்கு ஒரே சொல்லா அடிச்சிட்டான். கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டை ஒரு கையில வச்சுக்கிட்டு ஒரு ஒரு எழுத்தா விரல் வச்சு பாத்துச்சு, பின்னாடி வரிசை நீண்டுகிட்டே போச்சு, மேலதிகாரி வந்து பாத்து அப்புறம்தான் விட்டாங்க. இடம் விட்டு அடிச்சிருந்தா ஒரு பார்வைல முடிஞ்சிருக்கும். அதனாலதான் மொதல்லயே சொன்னேன், ஒட்டாதீங்கன்னு.

விமானத்துக்கு ஒரு நியாயம் இருக்கு, உலகம் பூரா ஒரே முறை. ஆனா இந்த நாட்டுலயே எழுதி, இந்த நாட்டு மக்கள் பூர்த்தி பண்றதுக்காக வச்சிருக்குற வெப்சைட்டு நம்ம ஐசில இருக்குற எழுத்தை செல்லாதுன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. பேர்னா ஏ லேருந்து இசட் வரைக்கும்தான்னு யாரோ ஒரு ப்ரோக்ராமர் ஒரு வரி எழுதி வச்சுட்டு போயிட்டாரு, அதுல ஒரு கோட்டை சேக்குறது அஞ்சு நிமிஷ வேலை. பதினேழு வயசு புள்ள மொத தடவையா தன் பேர்ல ஒரு பாரம் எழுதுறப்ப உன் பேரு தப்புன்னு செவப்புல காட்டுறது சின்ன விஷயம் இல்ல. எங்காச்சும் கருத்து சொல்ற பெட்டி இருந்தா தயவு செஞ்சு எழுதி போடுங்க, நான் ஒவ்வொரு தடவையும் எழுதுறேன்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்கை. தமிழ்99 கீபோர்டுல இந்த கோட்டு சாவியில உக்காந்திருக்குறது நம்ம ழ. தமிழ் மோட்ல இருந்துக்கிட்டே கோட்டை அடிச்சா ழ தான் வரும். எங்க கடைல ஒரு பத்திரிகை, 300 காப்பி, ப்ரூஃப் எடுத்து கையில பிடிச்சா பொண்ணு பேருக்கு பக்கத்துல "தழபெ"ன்னு நிக்குது. கண்ணு அதை வேகமா தாண்டிடும், ஏன்னா தழன்னு பாத்தா தமிழ் சொல்லு மாதிரியே இருக்கு, செவப்பு கோடும் வராது. இங்கிலீஷுக்கு மாத்தி கோட்டை அடிச்சுட்டு திரும்ப தமிழுக்கு வரணும், இப்ப எங்க கடைல டைப் பண்ற பொண்ணு கடைசியா ஒரு தடவை ழவை மட்டும் தேடி பாத்துட்டுதான் ப்ரூஃப் குடுக்கும். ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடிச்சு தமிழ் வரவைக்கிற அஞ்சல் முறைல அடிக்கிறவங்களுக்கு ழ இசட்ல இருக்குறதனால இந்த தொல்லை இல்ல.

எழுத்து நடையில இந்த கோட்டை எங்க போடலாம்னு கேட்டா, என் அபிப்பிராயம் கம்மியா போடுங்க. மாணவன்/மாணவி, அவன்/அவள்னு எழுதுறதுக்கு மாணவர், அவர்னு தமிழ்லயே மரியாதையான வழி இருக்கு. "மற்றும்/அல்லது"ங்குறது மலாய் டான்/அத்தாவ், ஆங்கில அக்ரிமெண்ட் எல்லாத்துலேருந்தும் வந்து ஒட்டிக்கிச்சு, வாடகை ஒப்பந்தத்துல அது வந்தா ரெண்டும் வேணுமா ஒண்ணு போதுமான்னு சண்டை வரும், "ரெண்டுல ஒண்ணு, இல்லேன்னா ரெண்டுமே"ன்னு நீட்டி எழுதினா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா இலக்கணம் படிக்கிற புள்ளைங்களுக்கு இது தங்கமான கருவி, அசை பிரிக்கிறப்ப தே/மா, புளி/மா, கூ/விளம், கரு/விளம்னு கோடு போட்டா நேர் எங்க நிரை எங்கன்னு கண்ணுல நேரா தெரியும். மொழியியல்காரங்க ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒலியை வைப்பாங்க, பம்பரம்னு சொல்லி பாருங்க, ரெண்டு ப, ரெண்டுக்கும் சத்தம் வேற, ஆனா நம்ம மனசுக்கு ஒரே ப. அந்த மனசுல இருக்குற ஒண்ணை /ப/ன்னு கோட்டுக்குள்ள போடுவாங்க, வாயில வர்ற சத்தத்தை பகர அடைப்புக்குறிக்குள்ள.

இந்த குறியோட ஆரம்பமே மூச்சு விடுற எடம்தான். ஐரோப்பாவுல கையால புத்தகம் எழுதின காலத்துல படிக்கிறப்ப எங்க நிறுத்தணும்னு காட்ட ஒரு குச்சி மாதிரி கோடு போட்டாங்க, 1476ல இங்கிலாந்துல மொத அச்சகம் வச்ச வில்லியம் கேக்ஸ்டன் அடிச்ச புத்தகத்துல கூட கமா எடத்துல இதுதான் நிக்கும். அதுக்கு பேரு விர்குலா, சின்ன குச்சி. அது கீழ எறங்கி சுருங்கி கமா ஆச்சு, அதனாலதான் பிரெஞ்சுக்காரங்க இன்னும் கமாவை விர்கியூல்ங்குறாங்க.

இடம் விடுறதை பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன், ஏன்னா பாதி பேனர்ல இது அசிங்கமா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒத்தை சொல்லுன்னா இடம் விடாதீங்க, த/பெ மாதிரி. ஒரு பக்கத்துல ரெண்டு மூணு சொல்லு இருந்தா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இடம் விடுங்க, இல்லேன்னா கடைசி சொல்லும் மொத சொல்லும் மட்டும் ஜோடின்னு தெரியும். வரி கடைசில கோடு விழுந்துச்சுன்னா அதோட சேத்து எழுத்தையும் அடுத்த வரிக்கு தள்ளிடுங்க, ஒரு வரில "த/"ன்னு நின்னுட்டு அடுத்த வரில "பெ" வந்தா பெரியவங்க வருத்தப்படுவாங்க, அவங்க அப்பா பேரு சம்பந்தப்பட்டது.

தம்பி, மகள் பாரத்துக்கே திரும்ப வர்றேன். ஐசி நம்பரை ரெண்டு தடவை சரி பாத்துடுங்க, பேர்ல கோடு விட்டுப்போனதை அவங்க அந்த நம்பரை வச்சு சரி பண்ணிக்குவாங்க, நம்பர் தப்புன்னா யாராலயும் முடியாது. அனுப்புறதுக்கு முன்னாடி அந்த பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, கோடு ஏத்துக்கலன்னு செவப்புல வந்ததையும் சேத்து, பின்னாடி யாராச்சும் ஐசில ஒரு மாதிரி இங்க ஒரு மாதிரின்னு கேட்டா காட்டலாம். இதுக்கு அப்புறம் பேங்க், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல்னு எத்தனை பாரம் வந்தாலும் கோடு ஏத்துக்குற எடத்துல ஐசில இருக்குற மாதிரியே, ஏத்துக்காத எடத்துல இதே மாதிரி இடம் விட்டு ஏபி. நேர்ல கையால எழுதுற பாரம்னா மட்டும் ஏ/பின்னு கோட்டோட அழகா எழுத சொல்லுங்க.